வந்த அணிலும் வாழ்ந்த அணிலும்



புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த கிருமாம்பாக்கம் என் ஊர். என் வீட்டுப் பின்கட்டில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. விடியற்காலையில் அதில் அணில்கள் கீச்சிடத் தொடங்கிவிட்டால் பிறகு உறக்கம் இல்லை. கொய்யாப் பழத்தைக் கொறித்துப் பாதியில் எறியும். வெயிலில் உலர்த்திய வடகத்தைக் கவர்ந்து செல்லும். ஆயினும் எங்கள் தெருவில் எவரும் அணிலைக் கல்லால் அடிப்பதில்லை. சேது கட்டியபோது மணல் சுமந்து உதவிய பிராணி அது என்றும், அதன் முதுகிலுள்ள மூன்று கோடுகள் இராமபிரானின் விரல் பட்ட அடையாளம் என்றும் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

சென்ற கோடை விடுமுறையில், கல்லூரியில் பயிலும் என் பேத்தி ஒரு செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "தாத்தா, இங்கிலாந்தில் அணிலைக் காப்பதற்காக அணிலையே கொல்கிறார்களாமே! ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைக் கொல்வது என்ன நியாயம்?" என்று கேட்டாள். பல ஆண்டுகள் பள்ளியில் உயிர்நூல் கற்பித்தவன் ஆதலால் உடனே விடை கூற வாயெடுத்தேன், கூற இயலவில்லை. அதற்கு ஒரு காரணம் எங்கள் ஊர்க் குட்டையில் இருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். அணில்களின் வழக்கு இன்னதென்பதை முதலில் பார்ப்போம்.

பிரிட்டனுக்குத் தொன்றுதொட்டு உரியது செவ்வணில். செம்பழுப்பு நிறமும், காதுகளில் மயிர்க் குஞ்சமும் உடையது. எடை முந்நூறு கிராம் அளவே. சாம்பல் அணிலின் தாயகமோ வட அமெரிக்கா. அது செவ்வணிலைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ளது. 1876-ஆம் ஆண்டில் செஷயர் வட்டாரத்து ஹென்பரி பார்க் என்னும் தோட்டத்தில், செல்வர் ஒருவர் சாம்பல் அணில்களைக் கொண்டுவந்து விட்டார். தோட்டத்திற்கு அழகு சேர்க்கும் என்பதே அவர் எண்ணம். அவரைப் பின்பற்றி அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மேலும் பலர் பல இடங்களில் விட்டனர். அயர்லாந்துக்கு அவை வந்து சேர்ந்தது 1911-ஆம் ஆண்டில். அங்கே காசில் ஃபோர்ப்ஸ் என்னும் மாளிகையில் அவற்றை விடுவித்தார்கள். சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதையும் வளர்ப்பதையும் பிரிட்டிஷ் அரசாங்கம் 1937-ஆம் ஆண்டில் தடை செய்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது போலாயிற்று அது. இன்று அந்நாட்டில் சாம்பல் அணில்கள் சுமார் 27 இலட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். செவ்வணில்களோ 3 இலட்சத்துக்கும் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை ஸ்காட்லாந்திலேயே எஞ்சியுள்ளன.

சாம்பல் அணில் செவ்வணிலைக் கடித்துக் கொன்றுவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அழிவு வேறு இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது உணவு. ஓக் மரத்துக் கொட்டைகளைச் செரித்துக்கொள்ளும் ஆற்றல் சாம்பல் அணிலுக்கு அதிகம். ஹேசல் கொட்டைகளை அவை நன்கு முற்றுமுன்பே தின்று தீர்த்துவிடுகிறது. செவ்வணில் பழுத்ததற்குக் காத்திருக்கிறது. காத்திருந்ததற்கு மிச்சம் இருப்பதில்லை. உணவு குறைந்தால் குட்டிகள் குறையும். இரண்டாவது நோய். ஒரு வகை அம்மை வைரஸைச் சாம்பல் அணில் தன் உடலில் தாங்கித் திரிகிறது; அதற்கு அதனால் பெரும்பாலும் தீங்கில்லை. அதே வைரஸ் செவ்வணிலைத் தொற்றினால் இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலும் மரணந்தான். சண்டை இல்லை, பகை இல்லை. எனினும் ஓர் இனம் வளர, மற்றோர் இனம் காட்டுக்குக் காடு மறைகிறது.

சாம்பல் நிறம் என்றாலே கேடு என்று நினைத்துவிடாதீர்கள். நம் திருவில்லிபுத்தூர் மலைகளில் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. அதைக் காப்பதற்கென்றே 1988-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சரணாலயம் ஏற்பட்டது; அஃது அம்மலைக்கு உரிய அரிய உயிர். மாறாக, வட இந்தியாவின் ஐவரி அணில் 1898-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கிருந்து வெளியேறிப் பெருகியது. இங்கே நாம் கொண்டாடும் அணிலின் உறவினம், அங்கே பரவவிடாமல் தடுக்கப்பட வேண்டிய பிராணி. எனவே குற்றம் பிராணியின் குணத்தில் இல்லை. அதை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து வேறிடத்தில் வைத்த மனிதன் கையில் இருக்கிறது.

இனி, கொல்லலாமா என்னும் வழக்குக்கு வருவோம். கொல்லலாகாது என்பாரின் வாதங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சாம்பல் அணில் தானாகக் கடல் கடந்து வரவில்லை. இன்று வாழும் அணில், வந்த அணிலின் நூறாவது தலைமுறையாக இருக்கலாம். அதற்கு வேறு தாயகம் தெரியாது. கூண்டில் அகப்பட்டு அடிபட்டுச் சாகும் அணிலின் வலி, நோயில் சாகும் செவ்வணிலின் வலிக்குக் குறைந்ததன்று. மேலும், செவ்வணிலின் காவலராக இன்று பேசும் மனிதர் முன்பு எப்படி நடந்துகொண்டனர்? இளமரங்களைக் கெடுக்கிறது என்று கூறி, ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் 1903-ஆம் ஆண்டில் செவ்வணிலைக் கொல்வதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். வாலுக்கு விலை கொடுத்துப் பல்லாயிரக்கணக்கில் கொன்றார்கள். ஒரு காலத்தில் கேடு எனப்பட்டது மற்றொரு காலத்தில் செல்வம் எனப்படுகிறது. ஆகவே இன்றைய தீர்ப்பை மட்டும் எப்படி நம்புவது என்று அவர்கள் கேட்கிறார்கள்.

கொல்லுதல் பயன் தரவில்லை என்பதற்கும் அவர்களிடம் சான்று உண்டு. 1953-ஆம் ஆண்டு முதல் சாம்பல் அணிலின் வால் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் பரிசு கொடுத்தது. பின்னர் அதை இரண்டு ஷில்லிங் ஆக்கியது. வால்கள் குவிந்தன, அணில்கள் குறையவில்லை. 1958-ஆம் ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டது. ஓரிடத்தில் கொன்றால் பக்கத்துக் காட்டிலிருந்து வேறு அணில்கள் வந்து அவ்விடத்தை நிரப்பிவிடும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொல்வது ஆண்டுதோறும் உயிர்களைப் பலி கொடுப்பதாக முடியுமேயன்றி, எந்த உயிரையும் காப்பாற்றாது.

எனினும் மறுபக்கத்துச் சான்றும் இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் கரையோரத்தில் ஆங்கிள்சி என்றொரு தீவு. 1998-ஆம் ஆண்டில் அங்கே செவ்வணில்கள் நாற்பது அளவே எஞ்சியிருந்தன. அவ்வாண்டில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் அளவில் இடைவிடாமல் முயன்று, தீவிலிருந்த சாம்பல் அணில்களை முற்றிலும் அகற்றினார்கள். செவ்வணில்கள் பல நூறாகப் பெருகின. தீவைச் சூழக் கடல் இருந்ததாலும், வேலையைப் பாதியில் விடாததாலும் இது கைகூடிற்று.

பாதியில் விட்டால் என்ன நேரும் என்பதற்கு இத்தாலி நாடு உதாரணம். 1948-ஆம் ஆண்டில் தூரின் நகருக்கு அருகில் இரண்டு இணைச் சாம்பல் அணில்களை விட்டார்கள். 1997-ஆம் ஆண்டில், அவை ஒரு சிறு வட்டாரத்துக்குள் இருந்தபோதே அகற்றிவிட விஞ்ஞானிகள் முயன்றனர். வலியின்றி உயிர் நீக்கும் முறையையே மேற்கொண்டனர். ஆயினும் பிராணிகளின் உரிமைக்காகப் போராடுவோர் வழக்குத் தொடர்ந்தனர், பணி நின்றது. 2000-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. அணில்கள் எட்டாத தூரம் பரவிவிட்டன. வழக்குத் தொடுத்தவர்களின் நெஞ்சில் இரக்கம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்று சில ஆயிரம் அணில்களின்மேல் காட்டிய இரக்கம், பின்னால் அதைவிடப் பன்மடங்கு அணில்களைக் கொல்ல வேண்டிய நிலைமைக்கு வழி திறந்துவிட்டது. காலத்தாழ்வுக்கும் உயிர்ப்பலி உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே வேறுபாடு.

கொல்லாமல் வெல்லும் வழிகளையும் தேடுகிறார்கள். அயர்லாந்தின் நடுப்பகுதியில், பைன் மார்ட்டென் என்னும் மரமேறும் ஊனுண்ணி மீண்டும் பெருகிய காடுகளில் சாம்பல் அணில்கள் மிகவும் குறைந்து, செவ்வணில்கள் திரும்பி வந்திருக்கின்றன. நம் நீலகிரி மலையில் வாழும் மார்ட்டென் அதற்கு உறவு. அந்த ஊனுண்ணியோடு நெடுங்காலம் பழகிய செவ்வணில் தப்பிக்கக் கற்றிருக்கிறது. புதிதாய் வந்த சாம்பல் அணில் கற்கவில்லை. பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சாம்பல் அணிலின் கருத்தரிப்பைத் தடுக்கும் மருந்தை இரையில் வைத்துக் கொடுக்கும் முறையையும் ஆராய்ந்து வருகின்றனர்.

இவ்வளவும் யாரோ வெள்ளைக்காரர் வீட்டு வழக்கு என்று நீங்கள் கருதலாம். நம் நாட்டிலேயே இதே வழக்கு நடக்கிறது. பிராணி மட்டும் வேறு. வங்கக் கடலில், நம் கரைக்குக் கிழக்கே அந்தமான் தீவுகள் உள்ளன. தமிழ் மக்கள் பலர் குடியேறி வாழும் தீவுகள் அவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வேட்டையை முன்னிட்டு அங்கே புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டனர். தாய்நாட்டுக் காடுகளில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் புள்ளிமானை அளவில் வைத்திருக்கின்றன. அந்தமானில் அவற்றில் ஒன்றும் இல்லை. மான்கள் பெருகின; கால்வாய் போன்ற கடலிடுக்குகளை நீந்திக் கடந்து தீவுக்குத் தீவு பரவின. 1950-களின் தொடக்கத்தில் அவற்றைக் குறைப்பதற்காக இரண்டு சிறுத்தைகளை விட்டுப் பார்த்தனர், பயன் விளையவில்லை.

மான் புல்லைத் தின்றால் காட்டுக்கு என்ன கேடு என்று கேட்கத் தோன்றும். காடு என்பது இன்று நிற்கும் பெருமரங்கள் மட்டுமன்று. அவற்றின் அடியில் முளைத்து நிற்கும் கன்றுகளே நாளைய காடு. மான்கள் அக்கன்றுகளை மேய்ந்துவிடுகின்றன. பெருமரம் வீழ்ந்தால் அவ்விடத்தை நிரப்பப் பிள்ளைமரம் இல்லை. அடிப்புதர்கள் அழிவதால் அவற்றில் வாழும் பல்லி, ஓணான் வகைகளும் குறைகின்றன. அவற்றுள் சில உலகில் வேறெங்கும் இல்லாதவை. புதுச்சேரியை இருப்பிடமாகக் கொண்டு பணியாற்றி, 2016-ஆம் ஆண்டில் மறைந்த சூழலியலறிஞர் ரவூஃப் அலி, அந்தமான் காட்டுக்குப் புள்ளிமானும் யானையும் விளைக்கும் கேட்டை ஆராய்ந்து 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டார். யானை அங்கே எப்படி வந்தது? மரம் இழுக்கக் கொண்டுசென்ற கம்பெனி நொடித்துப்போய், 1962-ஆம் ஆண்டில் சுமார் நாற்பது யானைகளைக் காட்டிலேயே விட்டுவிட்டது.

இங்கே சட்டமும் ஒரு சிக்கலில் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமானைக் காக்கிறது. அயல் உயிரினங்களைக் கட்டுப்படுத்துவதற்காக அச்சட்டத்தை 2022-ஆம் ஆண்டில் திருத்தினார்கள். ஆனால் இந்தியாவுக்கு உரியதல்லாத உயிர் எதுவோ அதுவே அயல் உயிர் என்று அத்திருத்தம் வரையறுக்கிறது. புள்ளிமான் இந்தியாவுக்கு உரியது, அந்தமானுக்கு உரியதன்று. தேசப்படத்தில் மனிதன் இட்ட எல்லைக் கோட்டை மரக்கன்றும் ஓணானும் அறியமாட்டா. மானைக் காக்கும் சட்டத்தின் நிழலிலேயே தீவின் காடு தேய்கிறது.

இனி, எங்கள் ஊர்க் குட்டைக்கு வருகிறேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன், பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, அக்குட்டையில் விராலும் குறவையும் கெண்டையும் உளுவையும் இருந்தன. ஒருநாள் வயல் வாய்க்காலில், நாங்கள் ஜிலேபி மீன் என்று சொல்லும் திலேப்பியாக் குஞ்சுகளை நானும் என் தோழர் இருவரும் துண்டால் வடிகட்டிப் பிடித்தோம். ஒரு மண்பானையில் இட்டுக் கொண்டுபோய்க் குட்டையில் விட்டோம். அந்த மீனின் தாயகம் ஆப்பிரிக்கா. உணவுக்காக 1952-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காக்கும். ஆகவே குஞ்சுகள் சாவது குறைவு. இரண்டு மூன்று மாதத்திலேயே அவையும் இனம் பெருக்கத் தொடங்கிவிடும். சில ஆண்டுகளுக்குள் குட்டையில் வலை போட்டால் வருவது ஜிலேபி மீன் ஒன்றே என்றாயிற்று. மற்ற மீன்கள் குறைந்ததற்கு வயலில் தெளித்த பூச்சிமருந்தும், தண்ணீர்த் தட்டுப்பாடும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் என் பானைக்கும் அதில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்க முடியாது. செஷயர்ச் செல்வர் அழகுக்காகச் செய்ததை நான் விளையாட்டுக்காகச் செய்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோடையில் குட்டையைத் தூர் வாரியபோது, தண்ணீரை இறைத்து மீன் முழுவதையும் பிடித்துவிட்டோம். என் பழைய தவறு அன்றோடு தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். ஐப்பசி மழை வந்தது. வாய்க்கால் வழியே புதுத் தண்ணீர் வந்தது. அதனோடு ஜிலேபி மீனும் வந்தது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீர் வருகிறது. ஏரியிலிருந்து கிளை வாய்க்கால்கள் பிரிகின்றன. வந்த மீன் இவ்வளவிலும் இருக்கிறது. ஒரு குட்டையை இறைக்கலாம். பாகூர் ஏரியை இறைக்க முடியுமா? பானையில் கொண்டுவந்ததை ஊரே திரண்டாலும் திருப்பி எடுக்க முடியவில்லை.

இன்னொன்றும் அன்று கண்டேன். குட்டையில் பிடித்த மீன்களை ஊரார் பங்கிட்டுக் குழம்பு வைத்தனர். இது கொலை அன்றோ என்று ஒருவரும் கேட்கவில்லை. என் பேத்தியும் கேட்கவில்லை. அணிலுக்கும் மானுக்கும் இரங்கும் நெஞ்சு மீனுக்கு இரங்கவில்லை. அந்தமான் ஓணானுக்கும் எளிதில் இரங்குவதில்லை. அழகிய கண்ணும் மென்மையான மயிரும் உடைய உயிரிடமே நம் இரக்கம் முதலில் ஓடுகிறது. வள்ளலாரின் வடலூர் எங்கள் ஊருக்கு நெடுந்தொலைவில் இல்லை. அவர் போதித்த ஜீவகாருண்யம் பார்வைக்கு இனிய உயிர்களோடு நின்றுவிடுவதன்று. கண்ணில் படாத உயிருக்கும், இனிப் பிறக்க வேண்டிய மரத்துக்கும் அதில் இடம் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே பேத்திக்கு நான் பின்னர்ச் சொன்ன விடை இது. ஓர் உயிரை அகற்றுமுன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். அதனால் கேடு விளைகிறது என்பதற்குச் சான்று உண்டா? அதை முற்றிலும் அகற்றவும், திரும்ப வராமல் தடுக்கவும் இயலுமா? கொல்லாத வழி ஏதேனும் பயன் தருமா? கொன்றே தீர வேண்டுமாயின் துன்பம் மிகக் குறைந்த முறை எது? நான்குக்கும் தக்க விடை கிடைத்தால், ஆங்கிள்சித் தீவில் செய்தது போலத் துணிந்து தொடங்கி முடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால், பரிசுக்கு வால் அறுத்தது போன்ற வீண்கொலையில் இறங்கலாகாது. அந்தமானிலும், மான் இன்னும் சென்று சேராத சிறு தீவுகளைக் காவல் செய்வதே முதற்கடமை. அங்கே ஒன்றிரண்டு மான் கரையேறினால் அவற்றைப் பிடித்து அகற்றுவது இயலும். ஆயிரமாகப் பெருகிய பிறகு அதே வேலை கொலைக்களமாகிவிடும்.

இந்த அறிவை மனிதர்க்குப் பொருத்திப் பேசுவோரும் உண்டு. வந்தவர், இருந்தவர் என்று மக்களைப் பிரிக்க உயிர்நூலில் இடம் இல்லை. மனிதர் யாவரும் ஒரே இனம். நான் சொன்னது வெவ்வேறு உயிரினங்களைப் பற்றியது.

மாணவ நண்பர்களே, அணில்களையும் மான்களையும் பற்றி முடிவு செய்வது நம் கையில் இல்லாதிருக்கலாம். ஆனால் நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு மீன் அலுத்துப்போனால் பலர் அதை ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள்; கொல்ல மனம் வராமல் செய்யும் செயல் அது. மத்திய அரசாங்கம் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் சிலர் மறைவாக வளர்க்க, அது மழைக்காலத்தில் தப்பி ஏரிகளில் சேர்கிறது. விடுவித்தோம் என்னும் நிம்மதி நமக்கு. அதன் விளைவு ஏரிக்கு. வேண்டாத மீனை, வாங்கிய கடையிலோ வளர்க்கத் தெரிந்தவரிடமோ திருப்பிக் கொடுங்கள், ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பானையை நான் தூக்கிய அன்று, வேண்டாம் தம்பி என்று ஒருவர் சொல்லியிருந்தால் கீழே வைத்திருப்பேன். சொல்வார் இல்லை. அதை இன்று உங்களுக்குச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.